என்ன கிழமை போனீர்கள்?

1

பெர்கன் நகரத்தில் வெயில் எறித்தால் பாதிப்பேர் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு மலையேறப் போய்விடுவார்கள். மழை என்றால் எல்லாரும் ஒழுங்காக வேலைக்கு வருவார்கள். வருடத்தில் பெரும்பகுதி மழை என்பதால்தான் இந்த நாடு முன்னேறியது என்பது என் சொந்த ஆராய்ச்சி முடிவு. முப்பது வருடத்துக்கு மேல் இங்கே நனைந்தவள் என்ற தகுதியில் சொல்கிறேன்.

இங்கே ஒரு கல்லூரியில் பொறியியல் மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். அது கொங்கிறீட் பாடமும் இல்லை, கணக்கும் இல்லை. பாலமோ அணையோ கட்டுவதற்கு முன்னால், அதனால் யாருக்கு என்ன நடக்கும், ஆற்றுக்கு என்ன நடக்கும் என்று யோசிக்கப் பழக்குகிற பாடம். மாணவர்கள் அதற்கு ‘மனச்சாட்சி மணித்தியாலம்’ என்று பட்டம் வைத்திருக்கிறார்கள். நான் வந்த புதிதில் அவர்களை, நம் ஊர்ப் பழக்கத்தில், ‘பிள்ளைகளே’ என்று நோர்வே மொழியில் கூப்பிட்டுவிட்டேன். தாடி வைத்த பிள்ளை ஒன்று எழுந்து, தனக்கே ஒரு பிள்ளை இருக்கிறது என்று அறிவித்தது. அன்றிலிருந்து அவர்கள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், நான் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன், ஒருவருக்கும் மரியாதை இல்லை, எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறோம்.

சென்ற வாரம் குசினி மேசையில் இருந்து அறிக்கைகள் திருத்திக்கொண்டிருந்தேன். லார்ஸ் என்ற மாணவன் ஒரு மலை ஓடையில் சிறிய மின்நிலையம் கட்டத் திட்டம் போட்டிருந்தான். படங்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தன. நடுப்பக்கத்தில் ஒரு வரி: ‘கீழ்ப்புறத்தில் நீரைப் பயன்படுத்துவோர் எவரும் இல்லை.’ பக்கத்தில் சிவப்புப் பேனையால் எழுதினேன்: ‘என்ன கிழமை போனீர்கள்?’

என் மகள் ஆரணி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். இங்கே பிறந்தவள். அவளும் பொறியியல்தான் படித்தாள். கடலுக்குள் எண்ணெய் எடுக்கும் கம்பனியில் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாள். ஊருக்குத்தானடி உபதேசம், உனக்கில்லையடி கண்ணே என்று என்னை நானே தேற்றிக்கொண்டு இருக்கிறேன்.

“அம்மா, என்ன கேள்வி இது? கிழமையைத் தெரிஞ்சு என்ன செய்யப்போறீங்கள்?”

“அதுக்கொரு கதை இருக்கு. கண்டியில நான் படிப்பிச்ச காலத்தில...”

“சுருக்கமா சொல்லுங்கோ அம்மா. முதல் முடிவைச் சொல்லுங்கோ, பிறகு காரணத்தை.”

இப்படித்தான் இவர்களுக்குப் படிப்பித்திருக்கிறார்கள். நான் முடிவைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய கைத்தொலைபேசி அடித்தது, அவள் போய்விட்டாள். போகும்போது நான் தயிர்க் கோப்பையைத் தவறான குப்பைத் தொட்டியில் போட்டிருப்பதைக் கண்டு, எடுத்துக் கழுவிச் சரியான தொட்டியில் போட்டுவிட்டு, “சுற்றாடல் படிப்பிக்கிற ஆள்!” என்று சிரித்துவிட்டுப் போனாள்.

ஆகவே உங்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் நடுவில் எழுந்து போனாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

2

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிந்திய வருடங்கள். யாழ்ப்பாணத்துக்காரியான நான் கண்டிக்குப் பக்கத்தில் இளம் விரிவுரையாளராக இருந்தேன். “அங்க ஏன் இன்னும் இருக்கிறாய், பெட்டியைக் கட்டு” என்று வீட்டில் இருந்து வராத கடிதம் இல்லை. ஆனால் எனக்குக் கண்டி பிடித்திருந்தது. எனக்கு அறை தந்த சிங்கள வீட்டுக்காரி, அந்த ஆடியில் என்னை அலுமாரிக்குப் பின்னால் மூன்று நாள் மறைத்து வைத்து, நேரம் தவறாமல் சோறு தந்தவள். நாலாம் நாள் வெளியே விட்டபோது, நான் கொஞ்சம் கொழுத்திருப்பதாகப் பாராட்டினாள். அப்படிப்பட்ட ஊரை விட்டு ஏன் போக வேண்டும்?

பொறியியல் பீடத்தில் புதிதாக ஒரு பாடம் தொடங்கினார்கள்: ‘பொறியியலாளரும் சமூகமும்’. பெரியவர்கள் ஒருவரும் அதைத் தொடவில்லை. கடைசியில் வயதில் குறைந்தவளும், பெண்ணும், தமிழுமான என் தலையில் அது வந்து விழுந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிந்திய மணித்தியாலம். நான் பொறுப்பு, கடமை, இயற்கை என்று கரும்பலகையில் எழுதுவேன். எழுதிவிட்டுத் திரும்பினால் முன்வரிசை கண்ணை மூடியிருக்கும், பின்வரிசை வாயைத் திறந்திருக்கும்.

எனக்குக் கோபம் வந்தால் நல்லது கெட்டது இரண்டும் செய்வேன். ஒரு வெள்ளிக்கிழமை டஸ்டரால் மேசையில் ஓங்கி அடித்து, “இனி இந்தப் பாடத்துக்கு வகுப்பறை இல்லை. ஒரு இடத்துக்குப் போய், ஒரு சனத்துக்கு, உண்மையாக ஓடுகிற ஒன்றைச் செய்து காட்டுங்கள். அதற்குத்தான் புள்ளி” என்றேன். தூசி அடங்கியபோது எல்லாரும் விழித்திருந்தார்கள்.

இடத்தை ரிஸ்வி கொண்டுவந்தான். அக்குறணைப் பையன், தகப்பனுக்கு அங்கே இரும்புக்கடை. தெல்தோட்டைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், தண்ணீர் இல்லை என்று கடைக்கு வந்த யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“பொம்புளைகள் பள்ளத்துக்கு எறங்கித்தான் தண்ணி தூக்குறாங்க மிஸ். மேல ஊத்து ஈக்குது. வாப்பாட கடையில பழைய பைப்பும் ஈக்குது. இழுத்தா வந்திரும்.”

அவனுக்குக் கூட்டாளி சுனில். கேகாலைப் பக்கத்துச் சிங்களப் பையன், பேச்சுக் குறைவு, அளவு பிசகமாட்டான். இழுத்தால் வந்துவிடுமா என்று கணக்குப் பார்த்தவன் அவன்தான். வந்துவிடும் என்றது கணக்கு.

3

இப்போது கேளுங்கள், நாங்கள் எப்போது போனோம் என்று.

மாணவர்களுக்கு வார நாட்களில் விரிவுரை, ஆய்வுகூடம். சனி ஞாயிறுகளில் பீடத்து வான் வண்டி கிடைக்காது. எனவே போயாவுக்குப் போனோம். மாதம் ஒரு பௌர்ணமி, நாட்டுக்கே லீவு, வானும் சும்மா நிற்கும். லயத்து ஆட்களும் அன்றைக்கு வீட்டில் இருப்பார்கள். இதைவிட வசதியான நாள் உண்டா? மூன்று போயாக்கள் போனோம், மூன்று முறை அளந்தோம்.

கலஹாப் பாதையில் ஒரு காவலரண் இருந்தது. முதல் தடவை சிப்பாய் வானுக்குள் எட்டிப் பார்த்தான். சாக்கில் சுற்றிய நீளமான மூன்று கால்கள், ஒரு பெட்டி, பக்கத்தில் யாழ்ப்பாணத்து அடையாள அட்டையோடு நான். அவன் முகம் போன போக்கைப் பார்த்து, என் முகமும் எங்கேயோ போனது. சுனில் இறங்கி, சாக்கை அவிழ்த்து, நிலமட்டம் பார்க்கும் கருவியை அதே இடத்தில் நிறுத்தி, சிப்பாயைக் கூப்பிட்டுக் கண்ணை வைக்கச் சொன்னான். சிப்பாய் தூரத்து மலையில் யாரோ ஒருத்தி சேலை காயப்போடுவதைத் தலைகீழாகப் பார்த்துவிட்டுச் சிரித்தான். அடுத்த இரண்டு போயாவும் எங்களைக் கண்டதும் அவனே, “பார்க்கலாமா?” என்று ஓடிவருவான்.

இடம் இப்படி: மேலே காட்டு ஓரத்தில் ஊற்று. அதன் தண்ணீர் ஒரு பள்ளத்தால் இறங்கிக் கீழே போகிறது. பள்ளத்துக்கு இந்தப் பக்கம், மேட்டில் லயம். பெண்கள் கொழுந்து பறித்துவிட்டு வந்து, வழுக்கும் படிகளில் இறங்கிக் குடத்தோடு ஏற வேண்டும். ஊற்றில் இருந்து மலையின் இடுப்பைச் சுற்றிக் குழாய் போட்டால் தண்ணீர் தானாக லயத்துக்கு வரும்.

பள்ளம் முடியும் இடத்தில் ஒரு சிங்களக் கிராமம், கொஞ்சம் வயல். கிராமத்துக்கும் ஒரு முறை இறங்கிப் பார்த்தோம். பொறுப்பு படிப்பிக்கிறவள் அல்லவா! வீடுகள் எல்லாம் பூட்டியிருந்தன. வயலிலும் ஒரு மனிதர் இல்லை.

“ஊரே காலி மிஸ்” என்றான் ரிஸ்வி.

வயலுக்கு வேறெங்காவது இருந்து தண்ணீர் வரும் என்று நாங்களே முடிவு செய்தோம். கேட்க ஆள் இல்லையே. சுனில் தன் அழகான கையெழுத்தில் ஆங்கிலத்தில் எழுதினான்: ‘கீழ்ப்புறத்தில் நீரைப் பயன்படுத்துவோர் எவரும் காணப்படவில்லை.’ நான் அதன் கீழே கையெழுத்து வைத்தேன். பேனை கொஞ்சம்கூடத் தயங்கவில்லை.

போயா நாளில் சிங்களக் கிராமம் முழுவதும் வெள்ளை உடுத்து, பன்சலை என்கிற புத்த விகாரையில் சில் எடுத்து விரதம் இருக்கும் என்பது கண்டியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். சுனிலுக்குத் தெரியாமல் இருக்குமா? அவனுடைய அம்மாவே அந்த நேரத்தில் கேகாலையில் ஒரு பன்சலையில் இருந்திருப்பார். ஆனால் ஓர் அறிக்கை எழுதும்போது நாம் படித்தவர்களாகிவிடுகிறோம், தெரிந்ததெல்லாம் மறந்துபோகிறது.

4

குழாய் திறந்த நாளை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும்.

லயத்தில் ராக்கு என்று ஒருத்தி. கொழுந்து பறிப்பவள், நாற்பது வயதிருக்கும், இருபது வீட்டுப் பெண்களுக்கும் அவள் சொன்னதுதான் சட்டம். குழாய்க்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருந்தாள். தேங்காய் உடைத்தாயிற்று. கற்பூரம் காட்டியாயிற்று. சுனில் குழாயைத் திறந்தான். குழாய் ‘புஸ்’ என்றது, பிறகு ஒன்றுமில்லை. ஒரு மணித்தியாலம் அது பெருமூச்சு மட்டும் விட்டது.

“சாமிக்குக் கோவம்” என்றார் ஒருவர்.

“சாமிக்கு இல்ல, எனக்குத்தான் கோவம்” என்றாள் ராக்கு. “டீச்சரம்மா, காத்தா குடிக்கிறது?”

மலையைச் சுற்றிவந்த குழாய் ஓரிடத்தில் முதுகைத் தூக்கியிருந்தது. அந்த மேட்டில் காற்று அடைத்திருக்கும் என்று சுனிலுக்குப் பட்டது. இரண்டு பேரும் ஓடினார்கள், பின்னால் நானும். ரிஸ்வி பொருத்தைத் தளர்த்த, சுனில் குனிந்து பார்த்தான். குனிந்த முகத்தில்தான் முதல் தண்ணீர் அடித்தது. மூக்குக்கண்ணாடி பறந்து தேயிலைக்குள் விழுந்தது. கண்ணாடி இல்லாத சுனில் இரண்டு கையையும் நீட்டித் தடவிக்கொண்டு நிற்க, கீழே லயத்தில் ஒரு கூச்சல் எழும்பியது. நான் திரும்பி ஓடி வருவதற்குள் குடங்களைக் காணவில்லை, ஆட்கள்தான் தெரிந்தார்கள், எல்லாரும் உடுத்த துணியோடு நனைந்துகொண்டு. ராக்கு ஒரு செம்புத் தண்ணீரை என் தலையில் ஊற்றினாள். நானும் நனைந்த சேலையோடுதான் கண்டிக்குத் திரும்பினேன். காவலரண் சிப்பாய் ஆற்றில் விழுந்தீர்களா என்று கேட்டான்.

என் வாழ்க்கையில் அதைவிட நல்ல பாடம் நடத்தியதில்லை என்று அன்று நினைத்தேன்.

5

நடுவில் ஒரு சின்ன விஷயம். இங்கே மாணவர்களை ஒரு மலைக்குக் கூட்டிப்போவதென்றால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். ‘நடக்கக்கூடிய மிக மோசமான விளைவு என்ன?’ என்று ஒரு கேள்வி. ஒன்றிலிருந்து ஐந்து வரை எண் போட வேண்டும். வழுக்கி விழுதல், சப்பாத்து நனைதல், ஆடு முட்டுதல் என்று நான் விசுவாசமாக எழுதுவேன். போன வருடம் அலுப்பில் ‘கீழேயுள்ளவர்கள் மேலே ஏறி வருதல்’ என்று எழுதிவிட்டேன். அலுவலகத்தில் இருந்து கூப்பிட்டார்கள். அந்த மலையில் அப்படி யாராவது இருக்கிறார்களா, பொலீஸுக்கு அறிவிக்க வேண்டுமா என்று மிகவும் பணிவாகக் கேட்டார்கள். மன்னிக்கவும், மொழிப் பிழை என்று சொல்லித் தப்பினேன். முப்பது வருடமாக எனக்கு உதவி செய்கிற ஒரே சாட்டு அது.

லார்ஸ் பதில் அனுப்பியிருந்தான்: ஞாயிற்றுக்கிழமைதான் போனானாம், மற்ற நாட்களில் அவனுக்குக் கடையில் வேலை. புதன்கிழமை போய்ப் பார் என்று எழுதினேன். போயிருக்கிறான். ஓடைக்குக் கீழே ஓர் ஆட்டுப் பண்ணையும், அதற்குச் சொந்தமான கோபக்காரப் பெண்மணியும் இருந்தார்களாம். தன்னைக் கேட்காமல் எவனும் மின்சாரம் எடுக்க முடியாது என்று அவள் சொன்னதை அப்படியே அறிக்கையில் சேர்த்திருக்கிறான். முழுப் புள்ளியும் போட்டேன்.

6

குழாய் திறந்து நாலாம் நாள். பீடத்து அலுவலகத்தில் எனக்குத் தொலைபேசி என்றார்கள். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை.

“டீச்சரம்மா, கீழ் ஊரு வயலுக்குத் தண்ணி நின்னு போச்சாம். நாளைக்குக் காலையில மேல ஏறி வாறதா பேச்சு. லயத்துல எல்லாம் மூட்டை கட்றாங்க. நீங்க வாங்க.”

வறட்சிக் காலம். ஊற்று சுருங்கியிருந்தது, இருந்த தண்ணீர் முழுவதையும் எங்கள் குழாய் விழுங்கியது. லயத்தில் மிஞ்சியது மறுபக்க வடிகானில் ஓடி வேறு பள்ளத்துக்குப் போய்விட்டது. கீழே வயலுக்கு ஒரு சொட்டும் போகவில்லை.

லயத்து ஆட்களுக்கு மூட்டை கட்டுவது புதிதில்லை. ஒரு முறை இல்லை, இரண்டு முறை அடித்துத் துரத்தப்பட்டு, காட்டுக்குள் இருந்துவிட்டு, எரிந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவர்கள் அவர்கள். அந்தச் சனத்துக்கு நான் தண்ணீர் என்று சொல்லி நெருப்பைக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். யாராவது ஒருவருக்கு ஏதாவது நடந்தால் என் கையெழுத்துத்தான் காரணம். அன்றிரவு நான் சாப்பிடவில்லை.

காலையில் முதல் பஸ்ஸில் மூன்று பேரும் போனோம். நான் தனியாகப் போகிறேன் என்று சொல்லியும் பையன்கள் கேட்கவில்லை. “நான் பேசுகிறேன் மிஸ், நான் சிங்களம்தானே” என்றான் சுனில். “கையெழுத்து என்ரது. நான்தான் பேசுவன்” என்றேன். கோபத்தில் தமிழில் சொல்லிவிட்டேன். அவனுக்கு விளங்கிவிட்டது.

லயத்தில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. ஊற்றடியில் பத்துப் பேர் அளவில் மண்வெட்டியோடு நின்றார்கள். முன்னால் முதியான்சே என்பவர், வயல் தண்ணீருக்குப் பொறுப்பானவர். வெல்விதானை என்ற அந்தப் பழைய பதவிப் பெயராலேயே ஊர் அவரைக் கூப்பிட்டது. என் சிங்களம் கடைக்குப் போகும் அளவுக்குத்தான் நல்லது. இருந்ததைக் கொண்டு சொன்னேன்: லயத்து ஆட்கள் ஒன்றும் செய்யவில்லை. பிழை என்னுடையது. கீழே யாரும் இல்லை என்று நான் எழுதினேன்.

“யாரும் இல்லையா?” முதியான்சே திரும்பித் தன் ஆட்களை ஒருமுறை பார்த்தார். தோட்டத்து வாசலில் பழகிய தமிழ் அவரிடம் இருந்தது. “அப்ப நம்ம எல்லாம் யாரு? எப்ப வந்து பாத்தது நீங்க?”

“போயா அன்றைக்கு.”

“எல்லா நாளுமா?”

“மூன்று முறையும்.”

 பின்னால் நின்ற ஒருவர் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். முதியான்சே சிரிக்கவில்லை. ஆனால் மண்வெட்டியைத் தோளில் இருந்து இறக்கினார். “போயாவுக்கு இந்த ஊர்ல நாய்கூட பன்சலைக்குப் போகும்” என்றார். சுனில் காதுவரை சிவந்து நின்றான்.

முதியான்சே குழாயைக் காட்டி, “கழட்டுங்க” என்றார். நான் தலையை ஆட்டினேன். சுனிலும் ரிஸ்வியும் குழாய் திருகும் சாவியை எடுத்துத் தாங்கள் பூட்டிய குழாயைத் தாங்களே கழற்றத் தொடங்கினார்கள். அப்போதுதான் ஒரு கதவு திறந்தது. ராக்கு மேலே வந்தாள். மூட்டையை இடுப்பில் இருந்து இறக்கி வைக்கவும் மறந்து வந்தவள், வந்து இரண்டு கையையும் கூப்பினாள்.

“மாத்தயா, ஒரு வார்த்த. ஒங்க வயலுக்குத் தண்ணி ஓடுறது எங்களுக்குத் தெரியும். பொய் சொல்ல மாட்டேன்.”

“ஏன் சொல்லேல்லை ராக்கு?” என்று கத்திவிட்டேன்.

“நீங்க கேக்கலையே டீச்சரம்மா. படிச்ச புள்ளைங்க தெரிஞ்சுதான் செய்யிறாங்கன்னு இருந்தோம். எங்களுக்குத் தண்ணி வேணும்ல?” அவள் குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. முதியான்சேயைப் பார்த்துச் சொன்னாள்: “ஒங்க வயல்ல கட்டை வச்சு, அதுல வெட்டு வெட்டி, ஆளுக்கு இவ்வளவுன்னு தண்ணி பிரிக்கிறீங்க. புல்லறுக்க வந்தப்ப பாத்திருக்கேன். எங்களையும் ஒரு வயலுன்னு நெனச்சு ஒரு வெட்டுக் குடுங்க மாத்தயா. குழாயப் புடுங்க வேணாம்.”

நானும் மாணவர்களும் ஒருவரையொருவர் பார்த்தோம். ஓடும் தண்ணீருக்குக் குறுக்கே ஒரு மரக்கட்டை, அதில் வெவ்வேறு அகலத்தில் வெட்டுகள். தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் பங்கு மாறாது. அதற்கான சூத்திரத்தை மூன்றாம் வருடத்தில் நானே கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். இந்த மலையடிவாரத்தில் அது ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

முதியான்சே வெகுநேரம் தண்ணீரைப் பார்த்தார். பிறகு இரண்டு விரலைக் காட்டினார்.

“இருவது வீட்டுக்கு ரெண்டு விரலா? நாலு” என்றாள் ராக்கு. கும்பிட்ட கை அப்படியே இருக்க, நாலு விரல் மட்டும் நிமிர்ந்தது.

மூன்றில் வந்து நின்றது. ரிஸ்வி சட்டைப் பையில் இருந்து அளவுநாடாவை எடுத்து, “யார்ட விரலு?” என்று கேட்டான். ராக்கு தன் விரலைப் பார்த்தாள், முதியான்சேயின் விரலைப் பார்த்தாள். மண்வெட்டி பிடித்துத் தடித்த விரல்கள்.

“அவுகளோடது” என்றாள்.

அதற்குப் பிறகுதான் முதியான்சே சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். பலா மரத்தில் கட்டை அறுத்து, அந்த வாரமே ஊற்று வாயில் பதித்தார்கள். சாந்து குழைத்தவன் சுனில். மட்டம் பார்த்தவன் ரிஸ்வி. அவர்களுடைய திருத்திய அறிக்கையில், வெட்டின் அகலம் ‘மூன்று விரல் (முதியான்சே)’ என்று இருந்தது. இந்த அளவு எந்த நியமத்தில் இருக்கிறது என்று பரீட்சைக் குழு ஒரு கடிதம் எழுதியது. பதிலுக்கு நான் மூன்று கடிதம் எழுதினேன். இரண்டு பேரையும் சித்தி அடையச் செய்துவிட்டுத்தான் ஓய்ந்தேன்.

7

பிறகு நாலைந்து வருடம். வடக்கில் யுத்தம் பெருத்தது, தெற்கிலும் ஆட்கள் காணாமல் போனார்கள். சுனில் அனுராதபுரத்துப் பக்கம் குளங்களோடு வேலைக்குப் போனான். ரிஸ்வி சவூதிக்குப் போனான். எனக்கு நோர்வேயில் ஒரு புலமைப்பரிசில் கிடைத்து, விசாவும் வந்துவிட்டது. போவதற்கு முன் கடைசி முறையாகப் புது மாணவர்களைத் தெல்தோட்டைக்குக் கூட்டிப்போனேன். வார நாளில், செவ்வாய்க்கிழமை. போயாவுக்கு நான் அதன் பிறகு எங்கும் போனதில்லை.

மோசமான வாரம் அது. கொழும்பில் குண்டு வெடித்திருந்தது. இனி என்ன நடக்கும் என்று எங்கும் குசுகுசுப்பு.  நான் ஊற்றடியில் கட்டையைக் காட்டிக்கொண்டிருந்தபோது, பள்ளத்துப் பாதையால் ஆட்கள் ஏறி வருவதைக் கண்டேன். ஏழெட்டுப் பேர். தோளில் மண்வெட்டி.  இந்தப் பிள்ளைகளை எந்தப் பக்கத்தால் இறக்குவது என்று பார்த்தேன்.

முன்னால் வந்தவர் முதியான்சே. மூச்சு வாங்கிக்கொண்டு வந்து, என்னைப் பார்த்து ஒரு தலையசைப்பு. பிறகு லயத்தைப் பார்த்துக் கூப்பிட்டார்.

“ராக்கு! ஏய் ராக்கு! கட்டை சாஞ்சிருக்கு. மழைக்கு மண்ணு போயிருக்கு. ஒங்க தண்ணியும் சேர்ந்து நம்ம வயலுக்கு வருது. நாத்து அழுகுது!”

ராக்கு வாசலுக்கு வந்தாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். இடுப்பில் கை வைத்தாள்.

“எத்தன நாளாத் தெரியும்?”

“நாலு நாள் இருக்கும்.”

“நாலு நாளா எங்க தண்ணிய ஒங்க வயல்ல விட்டுட்டு இப்பத்தான் வாறியா முதியான்சே அண்ணே? குழாய்தான் அடைச்சிருக்குன்னு நாலு நாளும் பள்ளத்துல எறங்கித் தூக்கினோம்! நாலு நாள் தண்ணியயும் திருப்பிக் குடு!”

“எப்படிக் குடுக்கிறது? நம்ம நாத்து அழுகினது யாரு குடுக்கிறது?”

“அத மழைகிட்டக் கேளு! வெட்ட நாலு விரலாக்கு, நாலு நாளைக்கு!”

“விரல் எல்லாம் இனி கூட்ட முடியாது!”

லயத்துப் பெண்கள் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். முதியான்சேயின் ஆட்களும் விடவில்லை. தமிழும் சிங்களமும் கலந்து மலை அதிர்ந்தது. முன்பு ஒரு நாள் இதே இடத்தில் நடுங்கிக்கொண்டு கும்பிட்டவள், இப்போது அந்த மனுஷனுடைய முகத்துக்கு நேரே விரலை நீட்டித் தன் பங்கைக் கேட்டாள். அவரும் அவள் கேட்கலாம் என்பது போலத்தான் எதிர்த்துக் கத்தினார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. நாடு முழுவதும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்த வாரத்தில் இதைப் பார்க்கக் கொடுத்துவைத்திருந்தேன்.

பக்கத்தில் நின்ற மாணவி வல்வெட்டித்துறைப் பிள்ளை. முகம் வெளிறி, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மிஸ், பயமாக் கிடக்கு. நாங்கள் போய் விலக்குப் பிடிப்பமோ?”

“வேண்டாம் பிள்ளை,” என்றேன். “அவ சண்டை பிடிக்கட்டும்.”